பாமாயில் பாக்கெட்ல இருந்து ஐ.நா. வரைக்கும்: பசங்களுக்கு உலகத்த எப்படி சொல்லிக் குடுக்கிறது

நாகப்பட்டினம் மாவட்டத்துல ஒரு கவர்மென்ட் ஹைஸ்கூல்ல சோசியல் எடுக்கறேன். ஆரம்பத்துல நானும் எல்லாரும் செய்யறதத்தான் செஞ்சேன், நாடு-தலைநகரம்-கரன்சி சார்ட் ஒட்றது, அக்டோபர் 24 வந்தா ஐ.நா. தினம்னு பிரேயர்ல ஒரு பொண்ண பேச விடறது, அவ்ளோதான். ஒரு தடவை டென்த்ல ஒரு பொண்ணு டெஸ்ட்ல "சார்க் 1985 டிசம்பர் 8ல தொடங்கப்பட்டது, செயலகம் காத்மாண்டு"ன்னு, அதாவது தெற்காசிய நாடுங்களோட கூட்டமைப்பப் பத்தி, அச்சுப் பிசகாம எழுதி ஃபுல் மார்க் வாங்குச்சு, பேப்பர் வாங்கிட்டுப் போகும்போது திரும்பி வந்து "டீச்சர், சார்க்னா ஆளா ஊரா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு சிரிப்பும் வரல அழுகையும் வரல. அன்னைக்குத்தான் நாம இத்தன நாளா என்னத்த நடத்திட்டு இருக்கோம்னு உறைச்சது.

அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நானே முட்டி மோதி கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதறேன். ஸ்மார்ட் போர்டு, ஃபண்டு எதுவும் வேண்டாம். நான் எந்தப் பாடத்த எடுத்தாலும் கடைசியில வந்து நிக்கறது ஒரே கேள்வியிலதான், "இதே விஷயம் அந்தப் பக்கம் நிக்கிற ஆளுக்கு எப்படி இருக்கும்?" இந்தக் கேள்விய புள்ளைங்க தானா கேக்க ஆரம்பிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது, மத்ததெல்லாம் ஜெனரல் நாலெட்ஜ், அத கூகுள் பாத்துக்கும்.

மொத வாரம் மேப்ப தொடாதீங்க, ஐ.நா.வயும் தொடாதீங்க. வீட்டுல இருந்து ஆரம்பிங்க. எய்ட்த், நைன்த் பசங்க கிட்ட "நாளைக்கு வரும்போது வீட்டுல இருக்கற ஏதாவது அஞ்சு பொருளோட கவர், லேபிள் கொண்டாங்க"ன்னு சொல்லுங்க. சட்டை லேபிள், பேட்டரி, பேரீச்சம்பழ கவர், கோடாலித் தைல டப்பா, எல்லாம் வரும். எங்க ஸ்கூல்ல கண்டிப்பா வர்றது ரேஷன் பாமாயில் பாக்கெட், ஏன்னா லிட்டர் 25 ரூபாய்க்கு வர்ற அந்த எண்ணெய் இல்லாத வீடே இல்ல. அந்த ஒரு பாக்கெட்ட வச்சே நீங்க ரெண்டு பீரியட் ஓட்டலாம், எப்படின்னு சொல்றேன்.

பாக்கெட்ட கையில வச்சிக்கிட்டு "இது எந்த ஊரு மரத்துல காய்ச்சது?"ன்னு கேளுங்க. தென்னைன்னுவான், பனைன்னுவான், ஒருத்தன் நிலக்கடலைன்னே சொன்னான். நம்ம நாட்டுக்கு வர்ற பாமாயில்ல பெரும்பகுதி இந்தோனேஷியா, மலேசியாவுல இருந்து வருதுன்னு சொல்லிட்டு, 2022 கதைய எடுத்து விடுங்க. அந்த வருஷம் பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சு சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடி வாங்குச்சு, ஏன்னா நமக்கு அந்த எண்ணெய் நிறைய அங்கருந்துதான் வந்துட்டு இருந்துச்சு. எல்லா எண்ணெயும் வெல ஏறுச்சு, அந்த நேரம் பாத்து ஏப்ரல் 28ல இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதிக்கே தடை போட்டுச்சு, மே 23 வரைக்கும். இத சொன்னதும் பசங்க முகத்துல ஒரு கோவம் வரும் பாருங்க, "அது எப்படி டீச்சர் நிறுத்தலாம்"னு. வரட்டும், அடக்காதீங்க.

அப்புறம் மெதுவா சொல்லுங்க, அங்க அவங்க ஊர் ஜனங்களுக்கே சமையல் எண்ணெய் வெல கட்டுப்படியாகல, அதனாலதான் நிறுத்துனாங்க. "நீ அந்த ஊர் பிரசிடென்ட், உன் வீட்டு வாசல்ல ஜனங்க நிக்குது, நீ என்ன பண்ணுவ?" கிளாஸ் அப்படியே ரெண்டா பிரியும். இப்பதான் அடுத்த சீட்ட இறக்கணும். 2023 ஜூலை 20ல நம்ம நாடு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு தடை போட்டுச்சு. உலகத்துல நாடு விட்டு நாடு போற அரிசியில சுமார் 40 சதவீதம் நம்ம அரிசி. அமெரிக்காவுல நம்மாளுங்க இண்டியன் ஸ்டோர்ல அரிசி மூட்டைக்கு அடிச்சு புடிச்சு நின்ன வீடியோ எல்லாம் சுத்துச்சு, ஆனா மேற்கு ஆப்பிரிக்காவுல நம்ம அரிசிய நம்பி தினம் சோறாக்கற நாடுங்க இருக்கு, அந்த வீடியோ நமக்கு வரல. "அவங்க நம்மள பத்தி என்ன நெனச்சிருப்பாங்க?"ன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா நில்லுங்க. நீங்களா பதில் சொல்லிடாதீங்க. டீச்சருங்களுக்கு இதான் கஷ்டம், அஞ்சு செகண்ட் அமைதியா இருந்தா நமக்கு கை பரபரன்னு இருக்கும்.

இதுல ஒண்ணு ஜாக்கிரதை. "யார் யார் வீட்டுல வெளிநாட்டுல இருக்காங்க, கை தூக்குங்க"ன்னு கேட்டுடாதீங்க. நான் கேட்டேன், பத்து கை பெருமையா தூக்குச்சு, ஒரு பையன் தூக்கிட்டு உடனே இறக்கிட்டான். அவங்க அப்பா ஏஜென்ட் கிட்ட பணத்த கட்டி ஏமாந்து திரும்பி வந்தவர்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. சம்பளம், விசா, கடன் இதெல்லாம் கிளாஸ்ல வரவே கூடாது. நேர வித்தியாசம் சொல்லிக்குடுக்க அப்பா போன் பண்ற டைம் நல்ல உதாரணம்தான் (துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சவுதி, குவைத், கத்தார் ரெண்டரை பின்னாடி, சிங்கப்பூர் ரெண்டரை முன்னாடி), ஆனா அத போர்டுல ஊர் பேரா போட்டு கணக்கா குடுங்க, யார் அப்பான்னு இழுக்காதீங்க.

இப்ப மேப்புக்கு வாங்க. செவுத்துல மாட்டுற உலக மேப் ஒரு பொய் சொல்லுதுன்னு சொன்னாலே பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க. ஒரு கமலா ஆரஞ்சு வாங்கி (சாத்துக்குடி வேண்டாம், தோல் ஒழுங்கா உரியாது) அதுல பேனாவால நாடு வரைஞ்சு, தோல உரிச்சு மேஜையில தட்டையா அமுக்கச் சொல்லுங்க. கிழியும். கிழியாம தட்டையாக்கணும்னா இழுக்கணும், இழுத்தா மேலயும் கீழயும் இருக்கறதெல்லாம் பெருசாயிடும், 1569ல மெர்கேட்டர் கடல்ல கப்பல் ஓட்டறவங்களுக்குன்னு போட்ட மேப்ல அதுதான் ஆச்சு. அந்த மேப்ல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே சைஸ் மாதிரி தெரியும், நெசத்துல ஆப்பிரிக்கா 14 மடங்கு பெருசு. நம்ம இந்தியாவே கிரீன்லாந்த விட ஒன்றரை மடங்கு. இத கேட்டதும் ஒரு பையன் "அப்ப நம்மள சின்னதா காட்டி வச்சிருக்கானுங்களா"ன்னு மீசைய முறுக்காத குறையா எழுந்தான். "கப்பல்காரனுக்கு திசை சரியா இருந்தா போதும், சைஸ் தேவையில்ல, யாருக்காக போட்ட மேப்னு மொதல்ல கேளு"ன்னு உக்கார வச்சேன்.

மேப் விஷயத்துல நான் வாங்கிக் கட்டிக்கிட்டதையும் சொல்லிடறேன். ஆண்டு விழாவுக்கு நெட்ல அழகா இருந்த ஒரு உலக மேப்ப டவுன்லோடு பண்ணி ஆறுக்கு நாலு ஃபிளெக்ஸ் அடிச்சு மாட்டிட்டேன். காஷ்மீர் பக்கம் கோடு புள்ளி புள்ளியா இருந்துச்சு, நான் கவனிக்கல. விழாவுக்கு வந்த ஒரு பேரன்ட் ஃபோட்டோ எடுத்து ஹெச்.எம். கிட்ட காட்ட, அரை மணி நேரத்துல ஃபிளெக்ஸ் இறங்கிடுச்சு, 900 ரூபாய் என் கைக்காசு. சர்வே ஆஃப் இந்தியா (மத்திய அரசோட மேப் போடற துறை) வெளியிட்ட எல்லைப்படி இல்லாத இந்திய மேப்ப பிரசுரிக்கறது நம்ம நாட்டுல சட்டப்படி குத்தம். அதனால பிரின்ட் எடுக்கறதுன்னா சர்வே ஆஃப் இந்தியா வெப்சைட்ல இருந்தே எடுங்க, இல்லன்னா பாடபுத்தகத்துல இருக்கறத பெருசு பண்ணிக்கோங்க.

வரலாறுன்னு வந்தா உங்க ஊர்லயே தோண்டுங்க, எந்த ஊர்லயும் ஏதாவது கிடைக்கும். ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி, கொய்யா எல்லாம் போர்ச்சுகீசியக்காரன் குடுத்த வார்த்தைங்கன்னு போர்டுல எழுதுங்க, கடைசியா கக்கூஸ் டச்சு வார்த்தைன்னு சொல்லுங்க, அந்த பீரியட்ட ஒருத்தனும் மறக்க மாட்டான். எங்களுக்கு நாகப்பட்டினமே பெரிய வரம். ராஜராஜன் காலத்துல ஸ்ரீவிஜய அரசன், அதாவது இன்னைக்கு இந்தோனேஷியா-மலேசியா இருக்கற பக்கத்து ராஜா, இங்க ஒரு புத்த விகாரம் கட்டுனான், சூடாமணி விகாரம்னு பேரு. அதுக்கு ஆனைமங்கலம் கிராமத்து வருமானத்த எழுதிக் குடுத்த செப்பேடு டச்சு காலத்துல கடல் தாண்டி நெதர்லாந்து லெய்டன் யுனிவர்சிட்டிக்கு போயிடுச்சு, பேரே லெய்டன் செப்பேடுன்னு ஆயிப்போச்சு. வெளிநாட்டு ராஜா கட்டின கோயில், நம்ம ராஜா குடுத்த மானியம், மூணாவது நாட்டுக்காரன் பத்திரமா வச்சிருந்த பத்திரம். இது யாருக்கு சொந்தம்? பசங்கள விட்டு சண்டை போட விடுங்க. "அவன் எடுத்துட்டுப் போகலன்னா உருக்கி பாத்திரம் பண்ணியிருப்பாங்க"ன்னு ஒரு பொண்ணு சொல்லி பாதி கிளாஸ் அது மேல பாஞ்சுச்சு. பாமாயில் பாக்கெட்டோட அதே இந்தோனேஷியாதான் இதுன்னு யாராவது கவனிப்பாங்களான்னு ஒவ்வொரு வருஷமும் காத்திருப்பேன், ரெண்டு வருஷம் கவனிச்சாங்க.

நாடுங்க ஏன் ஒத்துழைக்கணும்னு புரிய வைக்க எனக்கு சுனாமிய விட நல்ல பாடம் கிடைக்கல. இப்ப படிக்கற பசங்க அதுக்கப்புறம் பொறந்தவங்க, கதையா மட்டும் கேட்டிருக்காங்க. 2004 டிசம்பர் 26, நம்ம நேரப்படி காலையில ஆறரைக்கு சுமத்ரா பக்கம் 9.1 அளவுல நிலநடுக்கம், கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் தள்ளி. எங்க கரைக்கு அல வந்தப்ப மணி ஒன்பது சுமாரு. நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு. அந்த நேரத்துல ஒரு போன் கால் வந்திருந்தா? பசிபிக் கடல்ல பல வருஷமா எச்சரிக்கை அமைப்பு இருந்துச்சு, இந்தியப் பெருங்கடல்ல இல்ல. இத சொல்லிட்டு நிறுத்துங்க. அதுக்கப்புறம்தான் ஹைதராபாத்ல 2007ல எச்சரிக்கை மையம் வந்துச்சு, இப்ப அது நமக்கு மட்டும் இல்ல, சுத்தி இருக்கற மத்த நாடுகளுக்கும் தகவல் குடுக்குது. இந்தக் கடலோரமே இல்லாத சுவீடன்ல இருந்து தாய்லாந்துக்கு டூர் வந்தவங்க 500 பேருக்கு மேல செத்தாங்கன்னு சொன்னப்போ கிளாஸ்ல ஒரு சத்தம் இல்ல. ஆனா எங்க மாதிரி கடலோர ஸ்கூல்னா, யார் வீட்டுல யார் போனாங்கன்னு மொதல்லயே தெரிஞ்சு வச்சிக்கோங்க, பாட்டி கிட்ட பேட்டி எடுத்துட்டு வான்னு கட்டாயப்படுத்தாதீங்க. விருப்பப்பட்டவங்க எடுத்துட்டு வருவாங்க, அதுவே போதும்.

அடுத்தது ரோல் பிளே, இதுக்குத்தான் கொஞ்சம் தைரியம் வேணும். நான் எடுத்துக்கிட்டது மீனவர் பிரச்சனை. எங்க ஊர்ல இது சர்வதேச உறவு எல்லாம் இல்ல, நேத்து ராத்திரி சாப்பாட்டுல பேசுன பேச்சு. அதனால ரெடி பண்ணாம இறங்காதீங்க.

மொதல்ல நாலு பேப்பர் துண்டுல ஆளுக்கு அஞ்சாறு வரி எழுதிக்கோங்க. விசைப்படகு ஓனர், நாட்டுப்படகு மீனவர், யாழ்ப்பாண மீனவர், ரெண்டு நாட்டு அதிகாரி. எழுதறதுல சொந்தக் கருத்து வேண்டாம், நடந்தது மட்டும். 1974லயும் 1976லயும் எல்லைக்கோடு ஒப்பந்தம் போட்டது, கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது, அதுக்கு முன்னாடி ரெண்டு கரைக்காரங்களும் தலைமுறை தலைமுறையா ஒரே கடல்ல தொழில் பண்ணது, 2009 வரைக்கும் போரால அந்தப்பக்க மீனவங்க கடலுக்கே ஒழுங்கா போக முடியாம கிடந்தது, இழுவலை அடிமண்ணோட குஞ்சு மீனையும் வாரிட்டுப் போறதா அவங்க சொல்றது, இலங்கை 2017ல அடிமடி இழுவலைக்கு சட்டத்துல தடை போட்டது, நம்ம பக்கம் படகு வாங்க கடன் வாங்கிட்டு தவணை கட்ட முடியாம நிக்கறது, இலங்கைக்காரங்க புடிச்ச நம்ம படக திருப்பித் தராதது. ரூல் ஒண்ணே ஒண்ணு, விசைப்படகு வீட்டுப் பையன் விசைப்படகா வரக்கூடாது. சீட்டு குலுக்கி போடுங்க, சொந்தப் பக்கம் வந்தா மாத்திக்கணும். பத்து நிமிஷம் குழுவா பேசட்டும், இருபது நிமிஷம் பேச்சுவார்த்தை, கடைசி பத்து நிமிஷம் வேஷத்த கழட்டி வச்சிட்டு பேசணும். அந்தக் கடைசி பத்து நிமிஷத்த மட்டும் பெல் அடிச்சாலும் விட்டுடாதீங்க, இல்லன்னா சண்டை கிரவுண்டுக்குப் போகும்.

மொத தடவை நான் பண்ணப்போ ஒரு பையனுக்கு யாழ்ப்பாண மீனவர் சீட்டு வந்துச்சு. எழுந்து நின்னு "எங்க வலைய அறுத்துட்டு போறாங்க, காலையில போயி பாத்தா வெறும் கயிறுதான் கிடக்கு"ன்னு படிச்சான், அடுத்த வரிக்குப் போகல. பேப்பர மடிச்சு சட்டைப் பையில வச்சிட்டு "டீச்சர், எங்க சித்தப்பா படகு இன்னும் அங்கதான் நிக்குது"ன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. விசாரிக்காம சீட்டு குடுத்தது என் தப்பு. "நீ டைம் பாத்துக்கடா"ன்னு வாட்ச்ச கழட்டி குடுத்தேன், வாங்கிக்கிட்டு முன்னாடி வந்து உக்காந்தான். மத்தவங்க பேசி முடிக்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. கடைசியில அவனே கேட்டான், "அவங்களும் தமிழ்தான பேசறாங்க, பின்ன ஏன் டீச்சர் நேரா உக்காந்து பேசிக்கல?" பேசியிருக்காங்கடா, 2014ல சென்னையிலயும் கொழும்புலயும் ரெண்டு பக்க மீனவங்களும் உக்காந்து பேசினாங்கன்னு சொன்னேன். "அப்புறம்?"னான். அந்த "அப்புறம்"தான் அடுத்த வார பாடம் ஆச்சு. இப்பல்லாம் யார் வீட்டுல படகு மாட்டியிருக்கு, யார் உள்ள இருக்காங்கன்னு விசாரிச்சிட்டுத்தான் சீட்டே எழுதறேன்.

உங்க ஊர் திருப்பூர்னா பனியன் ஆர்டர் எடுங்க, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு வரிய 50 சதவீதம் ஆக்குனப்போ கம்பெனியில என்ன ஆச்சுன்னு பசங்களுக்கே தெரியும், அதுல அமெரிக்கக் கடைக்காரன், பங்களாதேஷ் தையல்காரம்மா, நம்ம செக்கிங் அக்கா எல்லாரையும் உக்கார வைங்க. எது உங்க தெருவுல பேசறாங்களோ அத எடுங்க.

ஐ.நா.வுக்கு ஒரு பீரியட் போதும். பதினஞ்சு பேர முன்னாடி நிக்க வச்சு, அஞ்சு பேருக்கு மட்டும் சிவப்பு சீட்டு குடுங்க. "டூர் வேளாங்கண்ணிக்கா ஊட்டிக்கா"ன்னு ஓட்டு. பதினாலு பேர் ஊட்டி, சிவப்பு சீட்டுக்காரன் ஒருத்தன் மட்டும் முடியாதுன்னான், டூரே கேன்சல். கிளாஸ் கத்தும் பாருங்க. அப்ப சொல்லுங்க, பாதுகாப்பு சபையில 15 பேர், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் அஞ்சு பேருக்கு வீட்டோ, மத்த பத்து பேர் ரெண்டு ரெண்டு வருஷத்துக்கு தேர்ந்தெடுத்து வர்றவங்க, அந்த வீட்டோ 1945ல ரெண்டாம் உலகப் போர்ல ஜெயிச்சவங்க போட்ட ரூல். வீட்டோன்னா என்னன்னு எங்க பசங்க யாரும் அதுக்கப்புறம் மனப்பாடம் பண்ணல. சில பிரைவேட் ஸ்கூல்ல கோட்டு சூட்டு மாட்டி, ஃபீஸ் கட்டி, "ஹானரபிள் டெலிகேட்"னு இங்கிலீஷ்ல மாடல் ஐ.நா. நடத்தறாங்க, நடத்தட்டும், ஆனா அத பாத்து நம்ம பசங்களால முடியாதுன்னு நெனச்சிடாதீங்க. தமிழ்ல, யூனிஃபார்ம்லயே நடத்துங்க, விவாதம் இன்னும் சூடா போகும்.

நியூஸ் பேசறதுக்கு வாரம் பத்து நிமிஷம், ஒரே ஒரு செய்தி. இத யார் சொல்றாங்க, யார் கிட்ட கேக்கல, ஒரு மாசத்துக்கு முன்னாடி அங்க என்ன நடந்துச்சு, இந்த மூணு மட்டும் கேளுங்க. போர் செய்தின்னா கிரிக்கெட் மாதிரி "நான் இந்த டீம்"னு ஆயிடும், அத மட்டும் விடாதீங்க. வாட்ஸ்அப் ஃபோட்டோ வந்தா கூகுள் லென்ஸ்ல போட்டு பழைய ஃபோட்டோவான்னு அவங்களையே தேட விடுங்க, போலீஸ் வேலை மாதிரி ஜாலியா பண்ணுவாங்க.

வெளிநாட்டு ஸ்கூலோட தொடர்பு வேணும்னா இங்கிலீஷ்தான் தடைன்னு நெனைக்கறோம். மலேசியாவுல 500க்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அத நம்மாளுங்க யோசிக்கறதே இல்ல. ஆனா அங்க அது ஆரம்பப் பள்ளி மட்டும்தான், ஆறு வருஷம், அதனால உங்க ஸ்கூல்ல அஞ்சாவது ஆறாவது பசங்கதான் ஜோடி. வீடியோ காலுக்கு நம்ம காலையில பத்து மணிய தாண்டாதீங்க, அங்க அப்பவே பன்னெண்டரை, கொஞ்ச நேரத்துல வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. அவங்க லீவும் நம்ம லீவும் ஒத்துப் போகாது, மொதல்லயே காலண்டர் வாங்கி வச்சிக்கோங்க. கால விட கடிதம் நல்லா வேலை செய்யும். "உங்கள் நாட்டைப் பற்றி எழுதுக"ன்னா கட்டுரைதான் வரும், "மத்தியானம் என்ன சாப்ட?"ன்னு கேட்டா எங்க முட்டை சாதமும் அவங்க நாசி லெமாக்கும் (தேங்காப்பால் சோறு) வரும். ஹெச்.எம். கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்குங்க, பசங்க போன் நம்பர், முகம் தெரியற ஃபோட்டோ எதுவும் போகக்கூடாது, எல்லாம் டீச்சர் மெயில்லயே போகட்டும்.

இதுக்கெல்லாம் டைம் எங்கன்னு கேப்பீங்க. டென்த்ல தொடாதீங்க, அங்க அரையாண்டு முடிஞ்சா ரிவிஷன் டெஸ்ட்டுதான், மூச்சு விட முடியாது. எய்ட்த், நைன்த்ல பண்ணுங்க. எஃப்.ஏ. (வளரறி மதிப்பீடு) 40 மார்க்ல எப்படியும் செயல்பாடு காட்டணும், சார்ட்டு ஒட்டறதுக்கு பதிலா ரோல் பிளேய அதுல எழுதிக்கோங்க, நோட்ஸ் ஆஃப் லெசன்ல பாடத் தலைப்ப போட்டுடுங்க, இன்ஸ்பெக்ஷன்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. டென்த் புத்தகத்துல வர்ற வெளியுறவுக் கொள்கை, சர்வதேச உறவுகள், உலகமயமாதலும் வணிகமும் எல்லாம் அப்புறம் அவங்களுக்கு தெரிஞ்ச கதையாத்தான் இருக்கும்.

மார்க் போட்டு இத அளக்க முடியாது. நான் ஜூன்ல ஒரு துண்டு பேப்பர்ல "இந்தோனேஷியா எண்ணெய நிறுத்திடுச்சு, உனக்கு என்ன தோணுது?"ன்னு எழுத வாங்கி வச்சிப்பேன், மார்ச்ல அதே கேள்விய திரும்பக் குடுப்பேன், ரெண்டையும் ஒட்டி அவங்க கையிலயே குடுத்துடுவேன். போன வருஷம் ஒரு பையன் ஜூன்ல "நாமும் அவர்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது"ன்னு எழுதியிருந்தான். மார்ச்ல எழுதினது: "அங்கு எண்ணெய் என்ன விலை என்று முதலில் சொல்லுங்கள் டீச்சர்."